ஜப்பானிய மொழியிலிருந்து ஜப்பானிய மொழிக்கு

முப்பத்திரண்டு வயதில் பணி அனுபவம் எழுதச் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் வேலையை நான் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தேர்வு எழுதி வாங்கிய வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான், அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆளும் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

போன மாதம் ரேவதி வீட்டுக்கு வந்தாள். நான் படித்த அதே சென்னை வகுப்பில் இப்போது ஜப்பானிய மொழி படிக்கும் எங்கள் ஊர்ப் பெண். கையில் இருந்த போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“எதனா தமிழ்ல பேசுங்கக்கா. இதுவே ஜப்பான்ல பேசும்.”

யோசிக்காமல் என் அத்தை பேசுகிற மாதிரி, “யோவ், வந்து துன்னுட்டுப் போ” என்றேன். போன் இரண்டு விநாடி யோசித்தது. பிறகு ஒரு பெண் குரல் மிக அழகான ஜப்பானிய மொழியில், தாங்கள் தயைகூர்ந்து உணவருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொண்டது.

“பாத்தீங்களா? இது இருக்கறப்ப எங்கள யாருக்கா கூப்புடப் போறாங்க?” என்றாள் ரேவதி. “வகுப்புல ஆண்டு மலர் போடறாங்க. நாங்க இன்னா பண்ணணும், இன்னா பண்ணக்கூடாதுனு நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க.”

அந்தப் போன் செய்த தவற்றை நானும் செய்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத முடியும். என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது.

என் ஊர் கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமம். அப்பா அம்மா இருவருமே மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைச் செடி பிடுங்கவும் நாற்று நடவும் போகிறவர்கள். எட்டாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் தெருவில் எல்லோருக்கும் மனு எழுதுகிற ஆள் ஆகிவிட்டேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள்.

எதிர் வீட்டு முனியம்மா சொல்வார்: “பைப்புல தண்ணி வரல. நாங்க இன்னா மனுசங்க இல்லையா? எழுதுடி.”

நான் எழுதுவேன்: “எங்கள் பகுதியில் நிலவி வரும் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தாங்கள் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

படித்துக் காட்டினால் முனியம்மா வாயைப் பிளப்பார். “நானா இதெல்லாம் சொன்னேன்?”

“நீதான் சொன்ன.”

“படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்” என்று போவார். அந்த வார்த்தைக்காகவே எத்தனை மனு வேண்டுமானாலும் எழுதியிருப்பேன். ஒருவர் சொன்னதை அழகாக்கி மேலே இருப்பவரிடம் சேர்ப்பதுதான் படித்தவளின் கடமை என்று பதின்மூன்று வயதில் என் மனதில் பதிந்துவிட்டது.

டிப்ளமோ படித்தது, சென்னை விடுதியில் தங்கி ஜப்பானிய எழுத்துகளைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்து மூன்று வருடம் படித்தது, மொழித் தேர்வின் மேல்படி வரை ஏறியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பவைதான். நான் வேலை கற்றுக்கொண்டது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், வைதேகி மேடத்திடம்.

அவர் தலைமை மொழிபெயர்ப்பாளர். ஐம்பதை நெருங்கிய வயது. குரலை உயர்த்த மாட்டார். கூட்டம் தொடங்கும்போது கைக்குட்டையை நாலாக மடித்து மேஜைமேல் தன் எதிரே வைப்பார். நாங்கள் தவறாக மொழிபெயர்த்தால் அத்தனை பேர் முன்னால் திருத்த மாட்டார். கைக்குட்டையை ஒரு விரலால் ஓர் அங்குலம் எங்கள் பக்கம் தள்ளுவார். சில நாள் கூட்டம் முடியும்போது கைக்குட்டை என் நோட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்தவை இவ்வளவுதான். நோட்டில் நடுவே கோடு போடு. இடது பக்கம் எண்ணும் பெயரும், வலது பக்கம் வினைச்சொல். பேசுகிறவருக்கு இடது பக்கம் அரை அடி பின்னால் நில். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லாதே, ‘நான்’ என்றே சொல். அந்த நேரம் நீ அவர்தான். தலையாட்டாதே. காது கொடுத்துக் கேட்கிறாய் என்று காட்டத்தான் நீ தலையாட்டுவாய். எதிரே இருப்பவர்கள் கம்பெனியே ஒப்புக்கொண்டது என்று எழுதிக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று: பேச்சில் எங்காவது சந்தேகம் இருந்தால், முடிந்ததும் அவரிடமே போய், உங்கள் பெயரால் நான் இன்னதைச் சொன்னேன் என்று திருப்பிச் சொல்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் ஏழுமலை என்கிற தொழிலாளி ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி வரிசையை நிறுத்திவிட்டார். ஜப்பானிய மேலாளர் ஏன் என்று கேட்டார். ஏழுமலை, “சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. நிறுத்திட்டேன்” என்றார். பெரிய அதிகாரியிடம் இவ்வளவு மொட்டையாகப் பேசுகிறாரே என்று எனக்குப் பதைத்தது. சிரமம் கொடுத்ததற்கு மிகவும் வருந்துகிறேன், சத்தத்தில் ஏதோ மாற்றம் இருப்பது போல எனக்குத் தோன்றிவிட்டது என்று மொழிபெயர்த்தேன். அறிக்கையில், தொழிலாளி தன் தவற்றை ஒப்புக்கொண்டார் என்று ஏறியது.

வைதேகி மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஏழுமலை எங்க மன்னிப்பு கேட்டாரு?”

“மரியாதைக்குச் சேத்தேன் மேடம்.”

“உன் மரியாதைய உன் வாயில வச்சுக்க. அவர் வாயில வைக்காத. போய் அவர்கிட்ட சொல்லிட்டு வா.”

போனேன். ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், “பேரிங் போயிருந்ததும்மா. நிறுத்தினது சரிதான். நீ எதுக்கு சாரி சொன்ன?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. புரியாமல்தான் கேட்டார். அறிக்கை திருத்தப்பட்டது. பாடம் கற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவால் தனியாக நடமாட முடியாமல் போனபோது தொழிற்சாலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். திருவண்ணாமலையில் ஜப்பானியர்கள் எப்போதும் இருப்பார்கள். மாதக்கணக்கில் தங்கித் தியானம் செய்வார்கள், மலையைச் சுற்றுவார்கள். அவர்களுக்குப் பல் வலி வந்தாலும், அறைக்குள் குரங்கு புகுந்தாலும் லாட்ஜ்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் ஜப்பானிய மொழியைக் கேட்டு வியந்து பாராட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல மகிழ்வேன்.

நவோமி சான் அப்படித்தான் அறிமுகமானார். ‘சான்’ என்பது நம் ‘ங்க’ மாதிரி, பெயரோடு சேர்க்கும் மரியாதை. அறுபதைத் தொட்ட ஓவியர். போனில் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஜப்பானிய மொழிதான், ஆனால் நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத ஜப்பானிய மொழி. வினைச்சொற்களின் வால்கள் அறுந்திருந்தன. நடுவே எந்த நாட்டுச் சொல் என்றே தெரியாதவை வந்தன. சான்றிதழை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

நேரில் அவரே விளக்கினார். பிறந்து வளர்ந்தது பிரேசிலில். அப்பா இளம் வயதில் ஜப்பானின் வடக்கே ஒரு பனிக் கிராமத்திலிருந்து கப்பலேறிப் போனவர். அந்த அப்பாவிடம் கற்ற மொழி மட்டுமே இவரிடம் இருந்தது. அவர் பேசியதை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அச்சுத் தமிழில் எழுதினால் செய்த தவற்றையே மறுபடி செய்தவள் ஆவேன்.

“எங்க அம்மா செத்தப்புறம் அப்பா தெனம் காலையில போட்டோ முன்னாடி ஒரு கிண்ணம் சோறு வப்பாரு. வச்சிட்டு திட்டுவாரு. சீக்கிரம் துன்னு, நான் தோட்டத்துக்குப் போவணும்பாரு. நான் அதான் ஜப்பான்னு நெனச்சேன். அப்பா போனப்புறம், அத வரையலாம்னு ஜப்பானுக்குப் போனேன்.”

ஆறு ஊர் சுற்றியிருக்கிறார். பழைய கோயில் நகரம் ஒன்றில், வீட்டுப் பூசை மாடம் விற்கும் கடைக்காரர், இப்படி யாரும் இறந்தவர்களைத் திட்ட மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அப்பாவின் கிராமத்தில் அந்தக் குடும்பப் பெயரில் ஒருவரும் இல்லை. அங்கே ஊர் அலுவலகத்தில் இருந்த பெண் இவரைப் பார்த்து, உங்கள் ஜப்பானிய மொழி மிக நன்றாக இருக்கிறது என்று பாராட்டினாராம்.

“ஜப்பான்காரியப் பாத்து யாரு அப்படிச் சொல்வாங்க?” என்று கேட்டார்.

அதே வார்த்தையைக் கேட்டுத்தான் நான் பத்து வருடமாகப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

தமிழர்களின் சடங்குகளும் ஜப்பானியர்களுடையவையும் ஒரே மாதிரி என்று ரயிலில் யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்திருக்கிறார். நான்கு மாதம் தங்கினார். மையும் தூரிகையும் வைத்து வரைந்துகொண்டே இருந்தார். மலையை வரையவே இல்லை. எங்களை வழக்கமாக ஏற்றிப் போன ஆட்டோக்காரர் பாஷா பாய் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “செருப்ப வரஞ்சிருக்காங்க, சொம்ப வரஞ்சிருக்காங்க. எதுருல இவ்ளோ பெருசா நிக்குது, அத உட்டுட்டாங்களேம்மா” என்று வருத்தப்பட்டார்.

மாமாவின் திதிக்கு நவோமி சானை அழைத்துப்போனேன். கோவிந்தம்மா அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா லாரி ஓட்டியவர், இறந்து ஐந்து வருடம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி, ஒரு குவாட்டர் பாட்டில் எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கான நேரம் அது. அடுத்து ஒரு சிறிய இலையில் சோறு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் காக்காவைக் கூப்பிட்டார் அத்தை. காக்கா வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. அத்தைக்கு வெயில் தாங்கவில்லை.

“யோவ், வாய்யா. கருவாடுதான் ஆக்கிக்கீறேன். அங்கியும் இன்னா சீட்டாட்டமா? உசுரோட இருந்தப்பவும் ஆறினப்புறம்தான் துன்ன வருவ, இப்பவும் அப்படித்தானா? எங்க எல்லாருக்கும் பசிக்குது. வந்து தொலையேன்.”

நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே, திட்டுகிற தொனியைக் கேட்டே நவோமி சான் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்தவர் அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். அத்தை பயந்துவிட்டார்.

“இன்னாடி ஆச்சு அந்த அம்மாவுக்கு? வெயிலா? மோரு குடு.”

அன்று முழுக்க அந்த மாடியிலேயே உட்கார்ந்து வரைந்தார். இலை, சோறு, வானத்தைப் பார்த்து நிற்கும் அத்தையின் முதுகு. காக்கா இல்லை. அது பிறகு வந்து தின்றது. அதை அவர் வரையவில்லை.

அந்தப் படங்களை ஜப்பானில் ஒரு நகரக் கலைக்கூடத்துக்கு அனுப்பினார். உலகம் முழுவதும் வாழும் ஜப்பானிய ஓவியர்களுக்கான கண்காட்சி அது. இதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் மறுத்திருந்தார்கள். இந்த முறை நேர்காணல் வரை வந்திருந்தது.

“இதுல எடுத்துட்டா, நான் ஜப்பான்காரினு அவங்களே எழுதிக் குடுத்த மாதிரி” என்றார். “அப்புறம் நான் எங்கியும் தேட வேணாம்.”

ஒரு காலையில் லாட்ஜ் அறையில் மடிக்கணினி முன் உட்கார்ந்தோம். திரையில் மூன்று தேர்வாளர்கள். இரண்டு முதியவர்கள், ஒரு நடுவயதுப் பெண். நவோமி சான் ஆங்கிலத்தில் பேசினார், நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன். அப்பாவின் பேச்சில் பேசினால் சிரிப்பார்கள் என்று அவருக்குப் பயம். முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில் அந்தப் பெண் கேட்டார்: “நீங்கள் உங்களை ஜப்பானிய ஓவியர் என்று எதனால் சொல்லிக்கொள்கிறீர்கள்?”

நவோமி சான் என்னைப் பார்க்கவில்லை. நேராகத் திரையைப் பார்த்து, அப்பாவின் மொழியில் பேசினார்.

“தெரியல. ஊர் ஊராத் தேடினேன், கெடைக்கல. இங்க ஒரு அம்மா செத்த புருசனுக்கு சோறு வச்சிட்டுத் திட்டினாங்க. எங்க அப்பா மாதிரியே. அப்ப அது ஜப்பானே இல்ல போல. எங்க அப்பா மட்டும்தான் போல. அது போதுமானு எனக்குத் தெரியல.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பிடிபடவில்லை. அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு மூலைக் கிராமத்துப் பேச்சு, நடுவே பிரேசில் சொற்கள். ஒரு முதியவர் என் பக்கம் திரும்பி, “மன்னிக்கவும், என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

ஜப்பானிய மொழியில் ஒருவர் பேசியதை ஜப்பானியர்களுக்கு ஜப்பானிய மொழியில் சொல்ல கீழ்பென்னாத்தூர்க்காரி தேவைப்பட்டாள். அந்தக் கணத்தில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். நான்கு மாதம் பழகியதில் அந்தப் பேச்சு எனக்கு முழுவதும் புரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது இது:

“நான் நெடுங்காலம் தேடிப் பயணம் செய்தேன். இந்தத் தொன்மையான தமிழ் மண்ணில், முன்னோரைப் போற்றும் ஜப்பானிய உள்ளத்தை மீண்டும் சந்திக்கும் பேறு பெற்றேன். என் தந்தையிடமிருந்து பெற்ற அந்த உள்ளத்தை என் எளிய ஓவியங்களின் வழியே பணிவுடன் சமர்ப்பிக்க விரும்புகிறேன்.”

திரையில் மூவரும் தலை தாழ்த்தினார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோசித்துத்தான் அப்படிச் சொன்னேனா என்று பல முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘தெரியல’ என்கிற சொல்லை மேலே இருப்பவர்களிடம் எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனுவில் யாரும் தெரியவில்லை என்று எழுத மாட்டார்கள்.

கணினியை மூடியதும் நவோமி சான் எழுந்து போய்த் தூரிகை கழுவ ஆரம்பித்தார். நான் வழக்கப்படி அருகில் போய் நின்றேன்.

“உங்க பேரால நான் கடைசியா சொன்னத திருப்பிச் சொல்லணும்.”

“பாதி புரிஞ்சுது. பெரிய பெரிய வார்த்தையா இருந்துது. சொல்லு.”

சொன்னேன். தூரிகையிலிருந்து கறுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

“நல்லா இருக்குது” என்றார். தூரிகையை உதறிவிட்டு, “ஒருவேளை நீ சொன்னதுதான் சரியோ என்னவோ. எனக்குத்தான் சொல்லத் தெரியலயோ” என்றார்.

கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நன்றி சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. தேர்வாகியிருந்தார். பிரதானக் கூடத்தில், ஜப்பானிய ஓவியர்கள் வரிசையில். அவருடைய பதில் தங்கள் நெஞ்சைத் தொட்டதாக எழுதியிருந்தார்கள். நவோமி சான் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். லாட்ஜ் வரவேற்பறையில் இருந்த எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். அன்று மாலையே அத்தைக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு இருவரும் ஊருக்குப் போனோம்.

பால்கோவாவைப் பிரித்துக்கொண்டே அத்தை கேட்டார். “நான் உங்க மாமாவத் திட்டினனே, அதச் சொன்னியா அந்த ஜப்பான்காரங்ககிட்ட?”

“சொன்னேன் அத்த.”

“இன்னானு சொன்ன?”

“முன்னோர்கள மதிக்கறதுனு சொன்னேன்.”

அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். “உங்க மாமாவ நான் மதிச்சனா? எவடி சொன்னது? முப்பது வருசம் ஒரு நாளு மதிச்சது கெடையாது. வந்து துன்னுட்டுப் போனா போதும்னுதான் கூப்டேன்.”

அவர் ஏன் சிரிக்கிறார் என்று நவோமி சான் கேட்டார். மழுப்பியிருக்கலாம். வைதேகி மேடத்தின் கைக்குட்டை எங்கிருந்தோ என்னை நோக்கி நகர்ந்துவிட்டது. ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். நவோமி சான் முதலில் சிரித்தார். பஸ்ஸில் திருவண்ணாமலைக்குத் திரும்பி, பெரியார் சிலையருகே இறங்கும்போது சொன்னார்.

“அவங்க எடுத்தது உன்ன. என்ன இல்ல.”

மறுநாள் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். தான் சொன்னது ஒரு பத்தி, நான் சொன்னது ஒரு பத்தி, இரண்டும் அப்படியே.

“வேணாங்க” என்றேன். “எடுத்துட்டாங்க. இதத் தேடித்தான் இத்தன ஊரு சுத்தினீங்க. இத அனுப்பினா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். உனக்கு உன் பேரு கெட்டுப்போவும்னு பயமா?”

அந்தப் பயமும் இருந்தது. வைதேகி மேடத்துக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறார். முழுக்கக் கேட்டார்.

“அவங்ககிட்ட திருப்பிச் சொன்னியா?”

“அன்னிக்கே சொன்னேன் மேடம்.”

“அப்புறம் எங்கிட்ட என்ன கேக்கற? கடிதம் யாருது?”

“அவங்களோடது.”

“எழுது” என்று வைத்துவிட்டார்.

எழுதினேன். முதல் பத்தியை அந்தக் கிராமத்துப் பேச்சிலேயே எழுதி, அதற்குக் கீழே நேர்ப்பொருள் கொடுத்தேன். இரண்டாவது பத்தியைத் தட்டச்சு செய்யும்போது என்னுடைய ஜப்பானிய மொழி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மறுபடியும் தோன்றியது. அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே அனுப்பினேன்.

பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. நேர்மைக்கு நன்றி என்றார்கள். ஓவியங்கள் ஏற்கப்பட்டதில் மாற்றமில்லை. ஆனால் அவருடைய உண்மையான பதிலைப் பார்க்கும்போது, பிரதானக் கூடத்தைவிட, பக்கத்து அறையில் அயல்நாட்டு ஓவியர்கள் வரிசையே பொருத்தம் என்று கருதுகிறோம் என்றார்கள். பெயரின் கீழ் பிரேசில் என்று இருக்கும்.

இதையும் ஒரு சொல் கூட்டாமல் படித்துச் சொன்னேன். நவோமி சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டார்.

“அன்னிக்கே நீ நான் சொன்ன மாதிரியே சொல்லியிருந்தா, பெரிய கூடத்துல வச்சிருப்பாங்களா?”

“தெரியலங்க” என்றேன்.

“எனக்கும் தெரியல” என்றார். “வரேன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். ஒரு சொல். முன்னே வணக்கம் இல்லை, பின்னே நன்றி இல்லை. பொத்தானை அழுத்த என் விரலுக்கு மனம் வரவில்லை. அவர் எட்டி அழுத்தினார்.

அவர் போன பிறகு இரண்டு வேலைகளுக்குப் போனேன். ஒன்றில், பல் மருத்துவர் சொன்னதை நோயாளியிடம் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று மூன்று முறை திருப்பிக் கேட்டதில் இருவருமே எரிச்சலானார்கள். அதன் பிறகுதான் அரசுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். பயந்து ஓடிவிட்டேன் என்று ரேவதி நினைத்தால் நினைக்கட்டும். நானே சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு சில நாள், இரண்டு பத்தியையும் என் கையாலேயே எழுதி அனுப்பினேனே, அது யாரால் முடியும் என்று தோன்றுகிறது.

கண்காட்சி நடந்தபோது நவோமி சான் போன் செய்தார். பக்கத்து அறை சிறியது, கூட்டம் குறைவு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார். அன்று காலை ஒரு முதியவர் அத்தை வீட்டு மாடிப் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றாராம். பிறகு திரும்பி, “இதில் என்ன நடக்கிறது?” என்று ஜப்பானிய மொழியில் இவரையே கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வர வேண்டியவரு இன்னும் வரல, இவங்களுக்குப் பசிக்குதுனு சொன்னேன். எங்க அப்பா பேச்சுல. அந்த ஆளுக்குப் புரியல. எடுத்துச் சொல்ல சுத்திமுத்தி யாருனா கெடைப்பாங்களானு பாத்தாரு.” அவர் சிரிப்பது கேட்டது. “நீ இங்க இருந்திருந்தா அவருகிட்ட என்னனு சொல்லியிருப்ப?”

“நீங்க சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்” என்றேன்.

அவர் சரி என்றார். அப்படித்தான் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.